பழைய கல்யாண கேசட்டுகள், நாஸ் பெட்டி, ஜெல்லிஃபின்: இரண்டாங்கட்டு டிவி வரைக்கும் படம் போக மாட்டேன் என்கிறது

பள்ளத்தூர்ப் பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு. இப்போது அங்கே இருப்பது அப்பாவும் அப்பத்தாவும் மட்டும்தான். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், மாதம் ஒரு தடவை போய்வருவேன். போன வருடம் மேல்வீட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி நிறைய விஎச்எஸ் கேசட் கிடைத்தது, எண்ணிப் பார்த்தால் 42. எல்லாம் 1986க்கும் 2003க்கும் நடுவில் எடுத்தவை. கல்யாணங்கள், ஐயாவின் சாந்தி (வயது நிறைவு விழா), பிள்ளையார் நோன்பு, முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் எல்லாரும் கூடியது, அப்புறம் யாருடையது என்றே தெரியாத இரண்டு கல்யாணம். ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து மாற்றி வாங்கினேன். மூன்று மணி நேர கேசட் ஒன்று 11 ஜிபி அளவுக்கு எம்பெக்-2 ஃபைலாக வந்திருக்கிறது, மொத்தம் 450 ஜிபி பக்கம்.

இதற்காகவே, வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்துவைக்கும் நாஸ் பெட்டியாக, சினாலஜி டிஎஸ் 220 பிளஸ் ஒன்று பழையதாக வாங்கினேன். இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க், ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி. ராம் 2 ஜிபிதான். இணைய இணைப்பு முகப்பு வரை வந்து நிற்பதால் ரவுட்டரும் பெட்டியும் முகப்பை ஒட்டிய அறையில் இருக்கின்றன. ஒரு ஆண்ட்ராய்டு டிவி வளவு (முதல் முற்றம்) பக்க அறையில், இன்னொன்று அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் அப்பத்தா படுக்கும் இடத்தில். பட்டாலை என்கிற கூடத்தைத் தாண்டினால் வைஃபை ஒரே ஒரு கோடு காட்டுகிறது, இரண்டாங்கட்டில் அதுவும் இல்லை. இப்போதைக்கு அப்பா பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் நடையாய் நடக்கிறார்.

கேள்விகள்: பெட்டியில் இருக்கும் படத்தை டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருளாக பிளெக்ஸா ஜெல்லிஃபினா? எப்படி நிறுவுவது? இந்தச் சின்ன பிராசஸர் தாங்குமா? மலேசியா ஈப்போவில் இருக்கும் சித்தப்பா அங்கிருந்தே பார்க்க வழி உண்டா? ஆவணியில் படைப்பு, எல்லாரும் வருவார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

தம்பி, சர்வரை நிறுவுவது ஒரு காலை நேர வேலை. உங்களுக்கு வேலை வைக்கப்போவது சுவர்தான். எங்கள் வீட்டுச் சுவரை ஒரு தடவை அளந்து பார்த்தேன், 22 அங்குலம். செங்கல்லும் சுண்ணாம்பும், அதற்கு மேல் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு. தாத்தா காலத்தில் வெயில் உள்ளே வரக்கூடாது என்று கட்டினார்கள், வைஃபையும் வருவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரிலேயே சோர்ந்துபோகும். 2.4 இரண்டு சுவர் தாண்டும், ஆனால் அதற்குள் வேகம் கரைந்திருக்கும். கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார், வாங்காதீர்கள். வாங்கியதையே திருப்பிச் சொல்லும் பெட்டி அது, அதற்கு வந்து சேருவதே பலவீனமாக இருந்தால் என்னத்தைச் சொல்லும்? நான் இரண்டு வாங்கி இரண்டையும் பரணில் போட்டிருக்கிறேன்.

கேபிள் இழுங்கள். கேட் 6, முழுச் செம்பு என்று பார்த்து வாங்குங்கள், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும், வேண்டாம். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை தாங்கும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக இருக்கிற நம் வீடுகளில்கூட அது போதும், ஆனால் கேபிள் நேராகப் போகாது, தூணைச் சுற்றும், நிலையைச் சுற்றும், அதனால் கயிறு வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். சுவரில் ஓட்டை போடவே போடாதீர்கள். அந்தப் பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்தால் அதே மாதிரி பூச இன்று ஆள் தேடுவது பெரும் பாடு. வளவைச் சுற்றித் தாழ்வாரத்து உத்திரம் ஓடுகிறது இல்லையா, அதன் மேல் விளிம்பில் படுக்கவைத்து, தேக்கில் ஆணி அடிக்காமல் கேபிள் டை வைத்துக் கட்டிவிட்டால் கீழிருந்து பார்த்தால் தெரியாது. வானவெளி ஓரமாகப் போகிற துண்டுக்கு மட்டும் வெளிப்புறக் கேபிள், இல்லாவிட்டால் வெயிலில் உறை வெடித்துவிடும். அணில் கடிக்கும் என்றால் அந்த இடத்தில் குழாய்க்குள் விடுங்கள்.

இரண்டாங்கட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் (ஒரு நெட்வொர்க் கேபிளைப் பலதாகப் பிரிக்கும் பெட்டி), அதிலிருந்து டிவிக்கு ஒன்று, அங்கே வைஃபை தரும் மலிவான ஆக்சஸ் பாயின்ட்டுக்கு ஒன்று. பெரும்பாலான டிவிகளில் லேன் துளை 100 மெகாபிட்தான், விஎச்எஸ் படத்துக்கு அது யானைப் பசிக்குப் பந்தி போட்ட மாதிரி ஏராளம். கொல்லைப் பக்கம் தனிக் கட்டடம் இருந்து அங்கேயும் வேண்டும் என்றால் அந்தத் துண்டுக்குச் செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். ஐப்பசி இடியில் எங்கள் ஸ்விட்ச் ஒன்று போனது அப்படித்தான்.

இன்னொன்று, பெட்டியை முகப்பு அறையில் கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்களா? அதற்குச் சொல்லப்பட்ட அறை வெப்பம் 40 டிகிரி வரைதான். சித்திரையில் நம் ஊரில் பூட்டிய அறை அதைத் தாண்டும். பட்டாலைப் பக்கம் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். கூடவே யூஎஸ்பி இருக்கிற யூபிஎஸ் ஒன்று. கரண்ட் போனால் சினாலஜி அதை அறிந்து தானே எழுதுவதை நிறுத்திப் பத்திரமாக ஒதுங்கிக்கொள்ளும். சும்மா இன்வெர்ட்டரில் சொருகினால் பேட்டரி தீரப்போவது அதற்குத் தெரியாது.

கோனாபட்டு ஆச்சி எழுதியது:

ரஸ்தா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கேபிள் இழுத்த பிறகும் படம் திக்கித் திக்கி ஓடலாம், ஏனென்றால் உங்கள் ஃபைல் எம்பெக்-2 என்ற பழைய வகை. நான் எங்கள் வீட்டு 30 கேசட்டை இப்படித்தான் நேராகச் சர்வரில் கொட்டிவிட்டு ஒரு மாதம் அவஸ்தைப்பட்டேன்.

விஷயம் இதுதான். நம் ஊர் விஎச்எஸ், பால் (PAL) என்ற டிவி முறையில் எடுத்தது. நொடிக்கு 25 ஃபிரேம், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரி ஒரு நேரம் இரட்டைப்படை வரி ஒரு நேரம் என்று எடுத்தது. பழைய குண்டு டிவி அப்படியே காட்டியது. இன்றைய டிவியில் பொண்ணு தலையைத் திருப்பினால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். சர்வர் அதைச் சரிசெய்து அனுப்ப வேண்டுமானால் ஓடுகிற நேரத்தில் முழுப் படத்தையும் மாற்றியாக வேண்டும். பிரௌசரில் திறந்தால் எம்பெக்-2 அநேகமாக ஓடவே ஓடாது, அப்போதும் மாற்றம். இரண்டு டிவியில் இரண்டு பேர் பார்த்தால் பாவம் அந்தப் பெட்டி.

அதனால் முதலிலேயே ஒரு தடவை மாற்றி வைத்துவிடுங்கள். வீடியோ மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் இலவசம். லேப்டாப்பில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள், நாஸில் செய்ய வேண்டாம். டீஇன்டர்லேஸ் (பாதி ஃபிரேம்களைச் சரிசெய்யும்) பகுதியில் பாப் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பாதியும் தனித்தனி ஃபிரேமாகி நொடிக்கு 50 கிடைக்கும், நடை இயல்பாக இருக்கும். கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, எச்.264, தர எண் 20 பக்கம். எச்இவிசி என்ற புதிய முறையில் இன்னும் சிறியதாக வரும்தான், ஆனால் யாருடைய பழைய டிவியில் ஓடும் ஓடாது என்று நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 576 வரியை 1080க்கு இழுக்காதீர்கள், இல்லாத முகம் வந்துவிடாது. எனக்கு மூன்று மணி நேரம் 4 ஜிபிக்குள் வந்தது. மூல எம்பெக்-2ஐ அழிக்க வேண்டாம், தனி ஃபோல்டரில் இருக்கட்டும்.

ஒரு கேசட்டில் மூன்று விசேஷம் இருக்கும், கல்யாணம் முடிந்த இடத்தில் யாரோ குழந்தையின் பிறந்தநாள் தொடங்கும். அதை லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் வெட்டிப் பிரியுங்கள், மறுபடி மாற்றாமல் அப்படியே துண்டாகும், தரம் குறையாது. ஃபோல்டர் பெயரில் வருடத்தை முன்னால் போட்டால் வரிசையாக நிற்கும், தமிழில் பெயர் வைத்தாலும் தாராளமாக ஏற்கும்.

அப்புறம் ஒரு கூத்து. ஜெல்லிஃபினில் நூலகம் சேர்க்கும்போது என்ன வகை என்று கேட்கும். நான் திரைப்படம் என்று கொடுத்துவிட்டேன். அது இணையத்தில் தேடி, எங்கள் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு ஏதோ துப்பாக்கிப் படத்தின் போஸ்டரை ஒட்டி, கதைச் சுருக்கமும் ஆங்கிலத்தில் போட்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த நேரம் வேறு. வீட்டு வீடியோக்கள், புகைப்படங்கள் என்று ஒரு வகை இருக்கிறது, அதைக் கொடுங்கள், இணையத்தில் எதையும் தேடாது.

கண்ணாடி மாதிரி இரண்டு டிஸ்க் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். யாராவது தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும், இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இன்னொரு யூஎஸ்பி டிஸ்க்கில் பிரதி எடுத்துக் கோயம்புத்தூரில் வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டுகளையும் எறியாதீர்கள். பூஞ்சை பிடித்ததை மட்டும் பிளேயரில் போடாமல் ஒதுக்கி வையுங்கள், அது பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

ஆத்தங்குடிக் கல் எழுதியது:

ஆச்சி எழுதியதை இரண்டு தடவை படியுங்கள். நான் நிறுவும் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் தேவைக்கு ஜெல்லிஃபின். பிளெக்ஸ் மெருகானதுதான், ஆனால் சிப்பை வைத்து வேகமாக மாற்றும் வசதிக்குச் சந்தா வேண்டும், 2025 ஏப்ரலிலிருந்து வீட்டுக்கு வெளியே இருந்து பார்ப்பதற்கும் சந்தா. ஈப்போ சித்தப்பா ஒருவருக்காக அது எதற்கு? ஜெல்லிஃபின் முழுக்க இலவசம், கட்டற்ற மென்பொருள். எம்பி (Emby) என்ற மீடியா சர்வர் மூடிய மென்பொருளாக மாறியபோது 2018 டிசம்பரில் அதன் பழைய நிரலிலிருந்து பிரிந்தது, பங்காளி பிரிந்து தனி அடுப்பு வைத்த கதை. சினாலஜியின் சொந்த வீடியோ ஸ்டேஷன் பற்றி யாராவது சொன்னால், பெட்டியின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2.2இலிருந்து அது கிடையாது.

பேக்கேஜ் சென்டரில், மென்பொருளைத் தனி டப்பாவில் (கன்டெய்னர்) அடைத்து ஓட்டும் கன்டெய்னர் மேனேஜரை நிறுவுங்கள், டாக்கர் என்று பழைய வழிகாட்டிகளில் இருப்பது இதுதான். ஃபைல் ஸ்டேஷனில் டாக்கர் ஃபோல்டருக்குள் ஜெல்லிஃபின் என்று ஒன்று, அதற்குள் கான்ஃபிக், கேஷ் என்று இரண்டு. படங்கள் இருக்கிற ஃபோல்டர் தனியாக இருக்கட்டும். இதற்கென்று புதிதாக ஒரு யூசரை உருவாக்கி, கான்ஃபிக், கேஷ் இரண்டிலும் எழுதும் உரிமை, படங்கள் ஃபோல்டரில் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளை அடிக்கும் வழி) மூலம் உள்ளே போய் ஐடி கட்டளை அடித்தால் அந்த யூசரின் எண் தெரியும், பெட்டியில் முதலில் உருவாக்கிய யூசர் 1026, அடுத்தடுத்து கூடும், யூசர்ஸ் குழுவின் எண் 100.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கன்டெய்னர் மேனேஜரின் சாதாரணத் திரையில் பட்டனை அழுத்திக் கன்டெய்னர் உருவாக்கினால் கிராஃபிக்ஸ் சிப்பை உள்ளே விட வழியே இல்லை. பிராஜெக்ட் என்ற பகுதிக்குப் போய், அமைப்புகளை வரிவரியாகச் சொல்லும் கம்போஸ் ஃபைலாக எழுதுங்கள். அதில் ஜெல்லிஃபினின் அதிகாரப்பூர்வ இமேஜ் (தயாராக அடைத்த மென்பொருள்), மேலே சொன்ன யூசர் எண், நெட்வொர்க் முறை ஹோஸ்ட், மூன்று ஃபோல்டர்களின் பாதை, டிவைசஸ் என்ற தலைப்பில் டெவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டிஆர்ஐ, அதுதான் கிராஃபிக்ஸ் சிப். அந்தச் சிப் வீடியோ டிரைவர் என்ற குழுவுக்குச் சொந்தமாக இருக்கும், அந்தக் குழு எண்ணையும் குரூப் ஆட் என்ற வரியில் சேர்க்காவிட்டால் அனுமதி இல்லை என்று லாகில் புலம்பும். படங்கள் ஃபோல்டரின் பாதைக்குப் பின்னால் வெறும் படிப்பு என்ற குறியையும் போடுங்கள், படைப்பு அன்று பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விளையாடி எதையும் அழித்துவிட முடியாது.

கட்டி முடித்ததும் பிரௌசரில் பெட்டியின் ஐபி, முக்காற்புள்ளி, 8096. அந்த ஐபி மாறாமல் இருக்க ரவுட்டரில் பதிந்துவைத்துவிடுங்கள். உள்ளே மொழி, அட்மின் பெயர், நூலகம் எல்லாம் கேட்கும். பிளேபேக் பகுதியில், சிப்பை வைத்து வீடியோவை மாற்றும் குயிக் சிங்கைத் தேர்ந்தெடுங்கள், அது அடம்பிடித்தால் அதே வேலைக்கான விஏஏபிஐ. உங்கள் ஜே4025 சிப்புக்கு எச்.264, எச்இவிசி இரண்டும் தெரியும், ஏவி1 தெரியாது. ஆனால் ஆச்சி சொன்னபடி மாற்றி வைத்தால் இதில் ஒன்றும் வேலைக்கே வராது, ஃபைல் அப்படியே டிவிக்குப் போகும், பெட்டி வெறும் அலமாரிதான். 2 ஜிபி ராம் இதற்குப் போதும், கூடவே பத்துப் பேக்கேஜ் ஓட்டினால்தான் இடிக்கும்.

தமிழ் சப்டைட்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இமேஜுக்குள் தமிழ் எழுத்துரு இருக்காது, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். பிளேபேக்கில் மாற்று எழுத்துரு என்ற இடத்தில் ஒரு தமிழ் எழுத்துரு இருக்கிற ஃபோல்டரைக் காட்டினால் சரி.

பள்ளத்தூர்ப் பையன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கேபிள் 61 மீட்டர் ஆனது, கயிற்றில் அளந்தது 52, நிலைகளை மறந்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் துளை போடலாம் என்று டிரில்லை எடுத்தார், அப்பா குறுக்கே நின்றுவிட்டார். கடைசியில் உத்திரத்தின் மேலேதான். பெட்டியைப் பட்டாலைக்கு மாற்றியாகிவிட்டது. ஹேண்ட்பிரேக்கில் 42இல் 35 முடிந்தது.

ஜெல்லிஃபினும் வந்துவிட்டது, பக்கம் திறக்கிறது, ஆனால் நூலகம் காலி. ஸ்கேன் ஒரு நொடியில் முடிந்து ஒன்றும் இல்லை என்கிறது. ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிகிறது, ஃபைல் ஒன்றும் தெரியவில்லை. எங்கே தப்பு?

ஆத்தங்குடிக் கல் எழுதியது:

உரிமைதான், வேறொன்றும் இருக்காது. லேப்டாப்பிலிருந்து ஃபைல்களை நகர்த்தியது உங்கள் அட்மின் பெயரில். மேல் ஃபோல்டருக்குக் கொடுத்த உரிமை உள்ளே இருப்பவற்றுக்கு இறங்கவில்லை. ஃபைல் ஸ்டேஷனில் அந்த ஃபோல்டரின் பண்புகள், பர்மிஷன் தாவல், புது யூசருக்குப் படிக்கும் உரிமை, கீழே இந்த ஃபோல்டர், துணை ஃபோல்டர்கள், ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் என்ற கட்டத்தை டிக் செய்து சேமியுங்கள். பிறகு ஸ்கேன்.

பள்ளத்தூர்ப் பையன் எழுதியது:

அதேதான் அண்ணே. டிக் போட்ட ஐந்தாவது நிமிஷம் எல்லாம் வந்துவிட்டது. வகையும் வீட்டு வீடியோ என்றே கொடுத்தேன், துப்பாக்கிப் படம் எதுவும் வரவில்லை ஆச்சி.

அப்பத்தாவுக்குத் தனி யூசர், கடவுச்சொல் இல்லாமல், டிவியைத் திறந்தால் நேராக அந்தப் பக்கம். ஐயா சாந்தியில் சமையல் பந்தலில் நிற்கிற ஒருவரைப் பார்த்துவிட்டு, அவருக்கு அன்று வேட்டி வாங்கிக் கொடுக்கவில்லை என்று இப்போது வருத்தப்படுகிறார். யாருடையது என்று தெரியாத கல்யாணத்தில் ஒன்றையும் அவரே கண்டுபிடித்தார், பொண்ணின் கழுத்துரு என்கிற தாலி நகையைப் பார்த்து, இது கொத்தமங்கலத்தில் கட்டிக் கொடுத்த அயித்தை மகளுடையது என்று. இன்னொன்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

சித்தப்பா விஷயம் மட்டும் பாக்கி. ரவுட்டரில் 8096 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

திறக்காதீர்கள் தம்பி. தெருவாசலைத் திறந்துபோட்டுவிட்டுத் திண்ணையில் ஆளே இல்லாத மாதிரி. தவிர, பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனியாக வெளி ஐபி தருவதே இல்லை, பத்து வீட்டுக்கு ஒன்று. திறந்தாலும் ஒன்றும் உள்ளே வராது.

டெயில்ஸ்கேல் போடுங்கள், வெளியூர்ச் சாதனத்தையும் நம் பெட்டியையும் தனிப்பாதையில் இணைக்கும் செயலி. சினாலஜி பேக்கேஜ் சென்டரிலேயே இருக்கிறது, வயர்கார்ட் என்ற மறையாக்க இணைப்பு முறையின் மேல் ஓடுவது, ரவுட்டரைத் தொடவே வேண்டாம். பெட்டிக்கு 100இல் தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். சித்தப்பா டிவி ஆண்ட்ராய்டு என்றால் அதிலும் அதே செயலி, உங்கள் பெட்டியை மட்டும் அவருக்குப் பகிருங்கள், பிறகு ஜெல்லிஃபினில் அந்த 100 முகவரியும் 8096உம். மூன்று மணி நேரம் 4 ஜிபி என்றால் நொடிக்கு 3 மெகாபிட்தான், உங்கள் இணைப்பின் மேலேற்ற வேகம் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் தாராளம். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அவர் பார்க்கிற நேரமும் அப்பத்தா பார்க்கிற நேரமும் இடிக்காது.

பள்ளத்தூர்ப் பையன் எழுதியது:

நேற்று ராத்திரி போட்டுவிட்டேன். அரை மணி நேரம் ஃபோனில் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் போனது, அதற்கப்புறம் ஓடியது. 1991 பிள்ளையார் நோன்பு கேசட்டைத்தான் முதலில் போட்டார். அதில் இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல் திரி) எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கிற அரைக்கால் சட்டைப் பையன் அவர்தான்.

சத்தம் சில கேசட்டில் குறைவாக இருக்கிறது என்கிறார், அப்படி இருக்கும் ஏழு ஃபைலை மட்டும் மறுபடி மாற்ற வேண்டும். பிரதி எடுத்த டிஸ்க் கோயம்புத்தூர் வந்துவிட்டது.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

எல்லாம் சரி. யூபிஎஸ் வாங்கியாச்சா?

பள்ளத்தூர்ப் பையன் எழுதியது:

இல்லை அண்ணே. சனிக்கிழமை காரைக்குடி போகிறேன்.